செவலைக்கு எத்தனை கிலோ

முதலாளியின் வெள்ளை வேட்டியில் அந்த ரத்தப் பொட்டு பட்டபோது நான் நூற்று நாற்பத்தாறாவது மூட்டையை லாரியில் ஏற்றுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். தாலுகா ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் மூட்டை எண்ணும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீட்டில் சும்மா இருந்தால் சுவரில் ஓடும் பல்லியையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். இங்கே எண்ணினால் சம்பளம் உண்டு.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துக் கோடை. உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்தது. முதலாளி வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடித்து அப்படியே உப்பளத்துக்கு வருவார். கொட்டகையில் அவருக்கென்று ஒரு மர நாற்காலி. அன்றும் அதில்தான் உட்கார்ந்திருந்தார். தொடையில் ஏதோ ஊர்வது போல் இருக்கவே தட்டியிருக்கிறார். உளுந்து அளவுக்கு ஊதிப்போயிருந்த உண்ணி ஒன்று நசுங்கி, வேட்டியில் எட்டணா அளவுக்குச் சிவப்பு.

"யா அல்லா! இன்னாய்யா இது? அஸர் தொழுகைக்கு இப்படியேவா போவேன்?"

நாற்காலிக்கு அடியில் செவலை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் உப்பளத்தில் நாய்கள் நான்கு. யாரும் பெயர் வைக்கவில்லை. கறுப்பு, வெள்ளை, குட்டைவால், செவலை. அம்பாரமாகக் குவித்த உப்பின் மேல் மாடு ஏறாமல், சாக்கும் தார்ப்பாயும் காணாமல் போகாமல் பார்த்துக்கொண்டவை அவைதான். முதலாளி நாயைத் தொடமாட்டார். ஆனால் வீட்டில் பிரியாணி செய்த மறுநாள் எலும்புப் பொட்டலம் மட்டும் தவறாமல் வரும்.

"நாய் வேணாம்னு நான் சொல்லல," என்றார் முதலாளி, வேட்டியை உதறியபடி. "உண்ணி வேணாம். ரெண்டு வெள்ளி டைம். அதுக்குள்ள ஒழிக்கலன்னா நாலையும் லாரில ஏத்தி எங்கனா தூரமா வுட்டுட்டு வரச் சொல்லிடுவேன். நீங்கதான் படிச்சவரு. இன்னா மருந்தோ வாங்கிப் போடுங்க. பணம் நான் குடுக்கறேன்."

சொல்லிவிட்டு இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

எனக்கு அன்றே பசி போயிற்று. லாரியை நினைத்தல்ல, உப்புக் கூடை சுமக்கும் அந்த அம்மாவை நினைத்து. அனுமந்தைப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர். சுனாமி வந்து சில நாள் கழித்து, கடற்கரையிலிருந்து செவலை அவர் பின்னாலேயே வந்து சேர்ந்தது. யார் வீட்டு நாய் என்று தெரியாது. கேட்டு யாரும் வரவும் இல்லை. "எனக்கு இன்னா அது மேல ஆசை, அதுவா வருது" என்பார். ஆனால் அவர் தூக்குச்சட்டியில் எப்போதும் இரண்டு பேர் சோறு இருக்கும்.

முதலாளி போனதும் அவர் கூடையைக் கீழே வைத்தார். "சார், அது போச்சுன்னா நானும் அடுத்த உப்பளத்துக்குப் போயிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

முதல் மருந்தை அவரே கண்டுபிடித்தார். கைக்கு அகப்பட்ட சில உண்ணிகளைப் பிடுங்கி, கொட்டாங்கச்சியில் இருந்த நல்ல கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டார். "இந்தத் தண்ணி எங்க காலையே தின்னுட்டுது, உண்ணிய வுடுமா?" மறுநாள் காலையில் வந்து பார்த்தால், கொட்டாங்கச்சியின் விளிம்பில் பதினொன்று உலாவிக்கொண்டிருந்தன.

அதற்கு முன் நான் எண்ணிவிட்டிருந்தேன். எத்தனை இருந்தது என்று தெரியாமல், குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? அந்த அம்மா ஒவ்வொரு நாயாகப் பிடித்துக்கொள்ள, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காது மடலிலும் விரல் இடுக்கிலும் கழுத்திலும் தேடி எண்ணினேன். கறுப்பு நாற்பத்தொன்று. வெள்ளை இருபத்தெட்டு. குட்டைவால் பத்தொன்பது. செவலை நூற்றுப் பன்னிரண்டு. கொட்டகைச் சுவரில் முப்பத்தேழு. தெள்ளுப்பூச்சி ஓரிடத்தில் நிற்காததால் எண்ண முடியவில்லை. அது இன்றுவரை எனக்குக் குறைதான்.

சனிக்கிழமை பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். அங்கே நாய்ச் சாமான்களுக்கென்றே ஒரு கடை இருப்பதாகக் கேள்வி. கண்ணாடிக் கதவு, ஏசி. என்னைவிடச் சுத்தமான ஒரு நாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கல்லாவில் இருந்த பெண்ணுக்கு என் பேத்தி வயதிருக்கும்.

"என்ன பிரீட் அங்கிள்?"

"உப்பளம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண். "வீட்டுக்குள்ள இருக்குமா, வெளியில இருக்குமா?"

"டூட்டியில இருக்கும்மா."

நான்கு விதமான மருந்தை எடுத்து வரிசையாக வைத்தாள். பவுடர், மயிருக்குள் தேய்க்க வேண்டும். தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் மருந்து. கழுத்தில் மாட்டும் பட்டை. பிடரியில் விடும் சொட்டு மருந்து. நான் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் உப்பளத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பவுடர் எங்கள் கடல் காற்றில் நாய்க்குப் போகுமா, என் மூக்குக்குப் போகுமா? குளிப்பாட்ட நல்ல தண்ணீர் வேண்டும். எங்களுக்கு நல்ல தண்ணீர் டேங்கரில் வருகிறது, ஆளுக்கு இத்தனை குடம் என்று நானே எண்ணி விடுகிறேன். நாய்க்கு எட்டுக் குடம் என்றால் என்னைத்தான் குளிப்பாட்டுவார்கள். பட்டையில் ஒரு பக்கிள் இருந்தது. எங்கள் ஊரில் சைக்கிள் செயினே ஒரு வருஷம் தாங்காது.

சொட்டு மருந்து பிடித்திருந்தது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சின்னக் குப்பி. நக்க எட்டாத இடத்தில், பிடரி மயிரை விலக்கித் தோலில் விட்டால் போதும், ஒரு மாதம் தாங்கும் என்றாள்.

"இதுவே கொடு. நாலு."

"ஒவ்வொண்ணும் எத்தனை கிலோ அங்கிள்?"

ஒன்றுக்கும் தெரியாது என்றேன். பத்து கிலோ வரைக்கும் ஒரு குப்பி, பத்திலிருந்து இருபதுக்கு வேறு, இருபதுக்கு மேல் நாற்பது வரை வேறு. எடை தெரியாமல் தரமாட்டேன் என்றுவிட்டாள். வாழ்நாளெல்லாம் எதையும் எண்ணாமல் விடாதவன், நாய் எத்தனை கிலோ என்று தெரியாமல் வெறும் கையோடு பஸ் ஏறினேன். வருகிற வழியில் வேகத்தடை பதினேழு. ஒவ்வொன்றிலும் என் முட்டாள்தனம் ஒருமுறை தூக்கிப் போட்டது.

திங்கட்கிழமை காலை நாய்களை எடை போட்டோம். மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசுதான். அதை ஆள்பவர் எங்கள் எடைக்காரர், இருபத்திரண்டு வருஷமாக அதே தராசு. வெயிலில் அந்த இரும்புத் தட்டு சுட்டதால் நாய்கள் காலை வைத்தவுடன் துள்ளிக் குதித்தன. அந்த அம்மா ஒரு சாக்கை நனைத்து விரித்தார். அதன் பிறகு ராஜா மாதிரி நின்றன. நான் கொட்டகை நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

"கறுப்பு, இருவத்திரெண்டு!" என்று மூட்டைக்குக் கத்துகிற அதே குரலில் கத்தினார் எடைக்காரர். "வெள்ளை, பதினாலு! குட்டைவாலு, பன்னெண்டு! செவலை, பத்தொம்பது!"

"பத்தொம்பதா? என் சோத்தத் துன்னுட்டு அவ்ளோதானா?" என்றார் அந்த அம்மா.

"பாதி எடை உண்ணியா இருக்கும். சும்மா இரு" என்றார் எடைக்காரர்.

அன்று மதியமே போய் வாங்கி வந்தேன். கறுப்புக்கு ஒரு பெரிய குப்பி, மற்ற மூன்றுக்கும் நடுத்தரம். மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்பும் இரண்டு நாள் பின்பும் நாய் நனையக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். எங்கள் நாய்களோ உச்சி வெயிலில் வாய்க்காலில் கழுத்தளவு படுத்துக் கிடப்பவை. நான்கையும் கொட்டகையில் கட்டினோம். வியாழக்கிழமை காலை மருந்து விட்டேன். மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டேதான் விட்டேன். வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார், கட்டிக் கிடந்த நான்கையும் பார்த்தார், காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு வெள்ளி பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன். கறுப்பு மூன்று. வெள்ளை ஒன்று. குட்டைவால் பூஜ்யம். எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. செவலைக்கு வந்தேன். ஐம்பத்தெட்டு.

திங்கள், ஐம்பத்தைந்து. செவ்வாய், ஐம்பத்தேழு.

"சார், நீங்க எண்ணி எண்ணித்தான் அது பெருகுது" என்றார் அந்த அம்மா. சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அன்று அவர் தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை. மூன்று நாயை வைத்துக்கொண்டு செவலையை மட்டும் லாரியில் ஏற்றச் சொன்னால்? அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு குப்பி போலியாக இருக்குமோ, நான் தோலில் விடாமல் மயிரில் விட்டேனோ, அவிழ்த்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனதோ என்று இரவெல்லாம் காரணங்களை அடுக்கினேன். பதினான்கு வந்தது. உண்மைக் காரணம் அதில் இல்லை.

புதன்கிழமை பதினொரு மணி இருக்கும். புது உப்பு, பாத்தியிலிருந்து வாரி ஈரமாகவே மூட்டை பிடித்தது. லாரி அன்று தராசுக்குப் பக்கத்திலேயே நின்றதால் நானும் அங்கே நின்று எண்ணினேன். எடைக்காரர் தண்டில் குண்டை நகர்த்தினார். குண்டு எண்பதில் நின்றது. "எழுவத்தஞ்சு!" என்று கத்தினார்.

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஈர உப்பில் மூட்டைக்கு ஐந்து கிலோ கழிவு. சாக்குக்கு ஒன்று, வடிகிற தண்ணீருக்கு நாலு. வாங்கும் வியாபாரிகள் கேட்டு, பல வருஷமாக நடக்கிற வழக்கம். எடைக்காரர் கழித்த எடையைத்தான் கத்துவார், அதைத்தான் எழுதுவார்கள். ஏழு வருஷமாக என் காதில் விழுகிற கணக்கு.

நான் மூட்டை எண்ணிக்கையை மறந்தேன். அந்த வேலையில் அப்படி மறந்தது அந்த ஒருமுறைதான்.

"ஏம்பா, அன்னிக்கு நாய எடை போட்டியே. கழிச்சியா?"

"ஆமா சார். கழிச்சித்தான் சொன்னேன்."

"எதுக்குப்பா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாக்கு போட்டிருந்தோமே சார். சாக்கு ஈரம் வேற."

சுமந்து வந்த கூடையோடு அந்த அம்மா நின்றுவிட்டார். பிறகு கூடையை இறக்கி வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ் அண்ணே! நாயி இன்னா உப்பா, வடிஞ்சி போறதுக்கு? பத்தொம்பதுன்னு சொன்னப்பவே நெனச்சேன், என் சோறு எங்க போச்சுன்னு!"

செவலையை மறுபடி தராசில் நிறுத்தினோம். இந்தத் தடவை சாக்கை மட்டும் தனியே நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். நனைந்த சாக்கு இரண்டு கிலோ, அது போகச் செவலை இருபத்திரண்டு. பெரிய குப்பி போட வேண்டிய நாய்க்கு நடுத்தரக் குப்பி போட்டிருக்கிறேன். மற்ற மூன்றுக்கும் ஐந்தைக் கூட்டி, சாக்குக்கு இரண்டைக் கழித்துப் பார்த்தேன். வாங்கிய குப்பிகள் எப்படியோ சரியாகவே இருந்தன. அந்த எடைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் தன் தராசைப் பற்றி ஒரு புகார் வந்தது அதுதான் முதல் முறை என்றார்.

அடுத்த பஸ்ஸில் பாண்டிச்சேரி. நான் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் இந்தத் தடவை சிரித்தாள். மாட்டு டாக்டரோ நாய் டாக்டரோ, யாரையோ போனில் கூப்பிட்டுக் கேட்டாள். "நடுத்தரம் ரெண்டு சேந்தா ஒரு பெரிய குப்பி அளவுதான் அங்கிள். முன்ன போட்டது ஒண்ணு ஆச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு போடலாம்னு டாக்டர் சொல்றாரு. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது." அந்த ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து, வழியெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். செவலையை நான் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அவிழ்த்துவிடவில்லை. பயந்தவனாக இருப்பதில் அப்படிச் சில லாபம் உண்டு. அது நனையாமலே இருந்ததால், வெயில் தாழும்முன் மருந்தை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தார். லாரி டிரைவரும் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா கூடையோடு கொட்டகையைச் சுற்றி மூன்றாவது தடவையாக நடந்தார். என்னிடம் உண்ணிக் கணக்கு எழுதிய பேப்பர் இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அந்த அம்மாவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், எடைக்காரரையும் ஈரச் சாக்கையும் சேர்த்து.

முதலாளி எடைக்காரரைப் பார்த்தார். எடைக்காரர் தராசைப் பார்த்தார்.

"ஏம்பா, யாபாரி கேட்டான்னு கழிச்சோம். நாயி கேட்டுச்சா ஒன்ன?"

கொட்டகையே சிரித்தது. லாரி டிரைவர் சிரித்த சிரிப்பில் பீடி கீழே விழுந்தது. முதலாளியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சரி, இப்ப எவ்ளோ இருக்குது? நீங்கதான் எண்ணாம இருக்கமாட்டீங்களே."

"பூஜ்யம் பாய்" என்றேன்.

"நாலுலயும்?"

"நாலுலயும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கால் மேலேயேதான் இருந்தது. பிறகு லாரி டிரைவரிடம் எப்போது புறப்படுகிறாய், மூட்டை ஏற்றியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே ஒரு காலைக் கீழே விட்டார். சற்றுக் கழித்து மற்றொன்றையும். செவலை கட்டிய கயிற்றோடே எழுந்து வந்து, அவர் வேட்டி படாத தூரத்தில், இரண்டு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டது. அந்த அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாத்திப் பக்கம் போனார். போகிறபோது தூக்குச்சட்டியைச் செவலையின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று காலை நான் நான்கு நாயையும் இரண்டு தடவை எண்ணியிருந்தேன். இரண்டு தடவையும் ஒன்று வந்தது. செவலையின் பின்னங்கால் விரல் இடுக்கில், காய்ந்து போய், அசையாமல் ஒன்று. செத்துவிட்டதா என்று தெரியவில்லை. பேப்பரில் எழுதும்போது அந்த ஒன்றைக் கழிவு போட்டுவிட்டேன்.