அக்கா வீட்டில் ஹீட்டர் இல்லை

இன்று காலை எங்கள் வீட்டில் ஒரு வழக்கு தீர்ந்தது.

அக்கா பிரான்சில் இருக்கிறாள். பனி கொட்டும் ஊர். அவர்கள் கட்டிய புது வீட்டில் ஹீட்டரே இல்லை என்று ட்ரங்க் காலில் கேள்விப்பட்ட நாள் முதல் அப்பாவுக்குத் தூக்கமில்லை. நேற்று அக்காவும் அத்தானும் காரைக்கால் வந்தார்கள். இன்று காப்பி குடிக்கும்போதே அப்பா அத்தானைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் மாப்ள, நெருப்பில்லாத வீட்டுலயா எம்பொண்ண வச்சிருக்கீங்க?”

“தெக்கால பூரா கண்ணாடி மாமா. பகல் வெயில கனத்த சுவரு வாங்கி வச்சுக்கும். ராத்திரிக்கு அந்தச் சூடு போதும். காத்து நுழைய ஒரு இடுக்கு கிடையாது.”

“சுவரு சூடு குடுக்குமாக்கும்!” அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது அக்கா எழுந்து வந்தாள். ஸ்வெட்டர், அதற்குமேல் போர்வை. மார்கழி ஊதக்காற்று ஜன்னல் இடுக்கு வழியாக இரவெல்லாம் இறங்கியிருக்கிறது.

“அங்க வீட்டுக்குள்ள நான் ஸ்வெட்டரே போடுறதில்லப்பா. இங்கதான் பல்லு தந்தியடிக்குது.”

அப்பா போர்வையை இழுத்து அவள் காதை மூடிவிட்டார். “நல்லாத்தான் கட்டியிருக்கீங்க மாப்ள,” என்றார்.

மத்தியானம் முதல் பழைய வேட்டியைக் கிழித்து ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிறார். அக்காவுக்குக் குளிர் விட்டுவிட்டது. எங்களுக்குத்தான் வேர்த்துக் கொட்டுகிறது. யார் வீட்டிலாவது பாய் போட இடமிருந்தால் சொல்லுங்கள்.