தலைவர் நானுங்க

சேலத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் மோகனூர்ப் பக்கம் ஊராட்சித் தலைவராக இருந்த என் அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் வகுப்புக்காகக் கன்பூசியத் தத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்கிறது என்று கேட்டாள்.

"பேரும் வேலையும் பொருந்தணும்கா. தலைவர்னு பேர் இருந்தா அந்த வேலையை அவரேதான் பாக்கணும். அப்பத்தான் ஆட்சி ஒழுங்கா நடக்குமாம்."

அக்கா அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அவள் ஜெயித்த நாளிலிருந்து கூட்டங்களில் பேசியதெல்லாம் அவள் கணவரான மாமாதான். ஊரும் அவரைத்தான் தலைவர் என்று கூப்பிட்டது.

அடுத்த கிராமசபைக்கு நானும் போயிருந்தேன். ஒருவர் எழுந்து மாமாவைப் பார்த்து, "ஏனுங்க தலைவரே, தண்ணி வரலீங்க" என்றார். மாமா எழுவதற்குள் அக்கா மைக்கை எடுத்துவிட்டாள்.

"தலைவர் நானுங்க. அவரு என்ற ஊட்டுக்காரரு."

கூட்டம் சிரித்தது. மாமா கொஞ்சம் விழித்தார். பிறகு தானும் சிரித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கிப்போய் மக்களோடு உட்கார்ந்தார். மோட்டார் பழுதாகியிருப்பதையும் ஆள் வரச்சொல்லியிருப்பதையும் அக்கா நிதானமாக விளக்கினாள்.

கூட்டம் முடிகிற நேரத்தில் மாமா கையைத் தூக்கினார்.

"தலைவருங்களே, எங்க தெருவுல லைட்டு எரியறதில்லீங்க."

"பாக்கறேனுங்க, உக்காருங்க" என்றாள் அக்கா.