நனைந்த ஹிக்கரி மூட்டைகள்

வெல்டா ஸ்டக்கி எங்கள் கடையில் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. மிசௌரியில் ஓசார்க் மலைப்பக்கம், கோழித்தீவனம், வேலிக்கம்பி, பெயிண்ட் எல்லாம் விற்கும் கடை. நான் கல்லாவில் இருப்பவள். பெல்லட் மூட்டைகள் அடுக்கிய பின்வரிசை எனக்கு நேர் எதிரே தெரியும். அந்த வரிசை வெல்டாவின் ராஜ்யம்.

கெட்டி மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சித்துண்டுதான் பெல்லட். அடுப்பின் பெட்டியில் கொட்டினால், ஒரு திருகுதண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ளும். கறி மணிக்கணக்கில் புகையில் வேகும். எங்கள் ஊரில் அந்த அடுப்பு இல்லாத கொல்லை குறைவு. எந்த மரம் வாங்குவது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம்.

வெல்டா மூன்று கேள்வி கேட்பாள். "என்ன கறி? எத்தனை மணி நேரம்? யாரு சாப்பிடப் போறாங்க?" கோழி என்றால் ஆப்பிள் மரம். மாட்டு நெஞ்சுக்கறி என்றால் ஓக், இல்லாவிட்டால் பீக்கன். கண்ணைக் கரிக்கும் புகை விடுகிற மெஸ்கீட் மர மூட்டையை யாராவது தொட்டால், "மாமியார் சீக்கிரம் கிளம்பணும்னா அதை வாங்குங்க" என்பாள். ஒரு துண்டை எடுத்து அவர்கள் காதருகே ஒடித்துக் காட்டுவாள். பட்டென்று ஒடிந்தால் காய்ந்த சரக்கு. வீட்டில் அவள் கணவர் ஜீனுக்குப் புகைக்கறியே ஆகாது. மூன்று வேளையும் முட்டை போதும். அவள் சொல்வதை ஊர் கேட்டது அந்தப் பின்வரிசையில் மட்டும்தான்.

பிறகு ராய்ஸ் ஹாட்லி வேலைக்கு வந்தான். நாற்பது வயது, நல்ல உயரம், சிரித்த முகம். மாவட்டச் சந்தையில் நடந்த கறிப் போட்டியில் அவன் குழு இரண்டு முறை ஜெயித்திருந்தது. சனிக்கிழமைகளில் கடை வாசலில் அடுப்பைப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு விலாக்கறி நீட்டுவான். இரண்டே மாதத்தில், "ராய்ஸ் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வர ஆரம்பித்தார்கள்.

பதினோரு வருஷமாக வெல்டாவைக் கேட்காமல் மூட்டை தூக்காத ஹார்லன் ப்ரூயிட்டும் ஒருநாள் அவளைத் தாண்டி நேராக ராய்ஸிடம் போனார். மகள் கல்யாணத்துக்கு எட்டு பன்றித் தோள்கறி போடவேண்டும் என்றார்.

"ஹிக்கரி மரம் ரெண்டு பங்கு, செர்ரி மரம் ஒரு பங்கு கலந்துக்கங்க" என்றான் ராய்ஸ். "ஹிக்கரி மணத்தைக் கொடுக்கும், செர்ரி நிறத்தைக் கொடுக்கும். நான் கண்டுபிடிச்ச கணக்கு இது."

வெல்டா என்னிடம் வந்து நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

"கேட்டியா? வேலைக்குச் சேர்ந்த வாரத்துல நான் சொல்லிக்கொடுத்தது. அவன் கண்டுபிடிச்சானாம்."

"ஹார்லன்கிட்ட போய்ச் சொல்லேன்."

"எதுக்கு? அவன் கையால கறி தின்ன வாய், நான் சொன்னா நம்புமா?"

அதன்பின் அவள் கண் அவனைவிட்டு அகலவில்லை. அவனிடம் எத்தனை பேர் நின்றார்கள், எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்று எனக்கு வந்து சொல்வாள். அவன் நடையைப் பழித்துக் காட்டுவாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மே மாதம் ஒரு புதன்கிழமை பெருமழை. கூரை ஒழுகி, பின்சுவரோரம் இருந்த ஹிக்கரி மூட்டைகள் அடியில் நனைந்துவிட்டன. மறுநாள் காலை வெல்டா அதைப் பார்த்தாள். ஒரு மூட்டையை அமுக்கியபோது கஞ்சிபோல் குழைந்ததாம். ஒதுக்கி வைக்கலாம் என்று நினைத்தாள். யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை, மறுநாள் கல்யாணத்துக்கென்று ஹார்லனுக்காக ராய்ஸ் தள்ளுவண்டியில் மூட்டைகளை ஏற்றினான். நான்கு மூட்டை அந்தச் சுவரோரத்திலிருந்து எடுத்தான். பத்தடி தூரத்தில் வெல்டா நின்றிருந்தாள். வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டு விதைப் பொட்டலங்களை அடுக்கப் போனாள்.

சனிக்கிழமை கடை திறந்த கையோடு போன் வந்தது. ஹார்லன்தான். விடியற்காலையில் மூட்டிய அடுப்பு அணைந்துவிட்டது. பெல்லட் ஊறித் தூளாகித் திருகுதண்டில் சிமெண்ட் மாதிரி இறுகிக்கிடக்கிறது. கறி பாதி வெந்தும் வேகாமலும் நிற்கிறது.

"ராய்ஸைக் கூப்பிடவா?" என்றேன்.

"அவன் கிழிச்சது போதும். வெல்டாகிட்ட குடு."

போனை வாங்கும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது இனித்தது என்று பின்னால் அவளே சொன்னாள். "ஒரு நிமிஷம் இருக்கும். அவ்வளவு நல்லா இருந்துச்சு."

கறியை வீட்டு அடுப்பில் சூடாக வைக்கச் சொல்லிவிட்டு, காய்ந்த மூட்டைகளோடு கிளம்பினாள். ராய்ஸும் கேட்காமலே வண்டியில் ஏறினான். இருவரும் ஹார்லன் வீட்டுக் கொல்லையில் மண்டியிட்டு, திருகுதண்டைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்தார்களாம்; அங்கே நடந்ததெல்லாம் வெல்டா பிறகு எனக்குச் சொன்னது. பத்தரை மணிக்கு மறுபடி புகை வந்தது.

"நான் பாத்துத்தான் எடுத்தேன், மிஸ் வெல்டா" என்றான் ராய்ஸ். கையெல்லாம் கரி. "மேல காய்ஞ்சுதான் இருந்துச்சு."

ஹார்லன் காப்பி கொண்டுவந்தார். மகளும் மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேரும் சுற்றி நின்றார்கள்.

"நீ வந்தது பெரிய விஷயம், வெல்டா. இவன் பேச்சைக் கேட்டது என் முட்டாள்தனம்."

ராய்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். வெல்டா கோப்பையை வாங்காமல் நின்றாள்.

"நனைஞ்சது எனக்கு வியாழக்கிழமையே தெரியும், ஹார்லன். இவன் ஏத்தும்போது பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"பின்ன ஏன் சொல்லலை?"

"நீ என்கிட்ட வரலை. அதான்."

ஹார்லன் காப்பிக் கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் கறி நன்றாகத்தான் வந்ததாம். எங்கள் யாருக்கும் அவர் ஒரு துண்டும் அனுப்பவில்லை.

திங்கட்கிழமை மேலாளரிடம் வெல்டா அதையே சொன்னாள். அவர் அவளைப் பெயிண்ட் பக்கம் மாற்றிவிட்டார். ராய்ஸ் ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை. பிறகு காலை வணக்கம் மட்டும். அந்த ஹிக்கரி–செர்ரிக் கணக்கைத் தன்னுடையது என்றுதான் இன்றும் சொல்கிறான்.

போன வாரம் சாப்பாட்டு வேளையில் அவளைக் கேட்டேன், இப்போது மனசு ஆறிவிட்டதா என்று.

"ஆறலை" என்றாள், ரொட்டியைப் பிய்த்தபடி. "அவன் முன்னாடி நாலு பேர் நின்னா இப்பவும் வயிறு எரியுது. ஆனா பெயிண்ட் பக்கத்துலருந்து பாத்தா, பின்சுவரோரம் கூரை ஒழுகினா தெரியுது. தெரிஞ்சா அவன்கிட்ட உடனே சொல்லிடுறேன்."