வளையல் போட வந்த புகைப்படக்காரர்

சித்திரை மாதத்து இரண்டாம் ஞாயிறு, காலை பத்தரை மணி. சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் என் அக்காள் மகளுக்கு வளைகாப்பு. படம் எடுக்க வந்தவர் தேக்காவில் ஸ்டூடியோ வைத்திருப்பவர், அவளுடைய பள்ளித்தோழி. ஒட்ட வெட்டிய முடி, இளமீசை, கனத்த குரல். எடுத்த படத்தை உரியவரிடம் காட்டுவார். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே அழித்துவிடுவார்.

பெண்கள் வளையல் போடத் தொடங்கியதும் கேமராவை வைத்துவிட்டு அவரும் வரிசையில் நின்றார்.

"தம்பி, இது பொம்பளைங்க போடுறது லா," என்றார் அக்காள் மகளின் மாமியார்.

"நானும் பொம்பளதான் ஆன்ட்டி. ஹார்மோன் ஊசி போடுறேன், அதான் மீசை."

"அப்ப ஆம்பளையா மாறப் போறியா?"

"இல்ல ஆன்ட்டி. மீசையும் பிடிச்சிருக்கு, பொம்பளையா இருக்கறதும் பிடிச்சிருக்கு. நீங்க வேணாம்னா படம் மட்டும் எடுக்கறேன்."

அக்காள் மகள் அவர் பக்கம் கையை நீட்டினாள். மாமியார் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தைப் புகைப்படக்காரர் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல கன்னத்துல சந்தனம் பூசு. அப்புறம்தான் வளையல்."

குடும்ப விசேஷங்களைத் தேதி போட்டு எழுதிவைப்பவன் நான். அறுபது வயதாகிறது. நீ யார் என்று யாராவது கேட்டால், கோபப்படாமல் அந்தப் புகைப்படக்காரரைப் போல இரண்டே வரியில் சொல்ல எனக்கு இன்னும் வராது.