ரெண்டு வாட்டி எட்த மேக்ரோ

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதுவும் என் மேக்ரோவைக் குறை சொன்னால் கேட்கவே வேண்டாம். பட்டியல், வரிசை இவற்றையெல்லாம் கையாள லிஸ்ப் என்ற கணினி மொழியில், யார் வேண்டுமானாலும் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு லைப்ரரி எழுதி இணையத்தில் போட்டிருந்தேன். அதில் நாற்பது வரி நீளத்தில் ஒரு மேக்ரோ. நாம் ஒரு வரி எழுதினால் போதும், அது பல வரியாக விரித்து எழுதிக்கொள்ளும். அந்த லைப்ரரியை உலகத்திலேயே ஒருத்திதான் பயன்படுத்தினாள். நெட்டுக்குப்பத்துக்காரி, என்னோடு கல்லூரியில் படித்தவள். காட்டுப்பள்ளியில் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு டோக்கன் போடும் புரோகிராம் அவளுடையது.

ஒரு நாள் காலை, ராயபுரம் வீட்டில் இட்லியில் கை வைக்கிறேன், அவளிடமிருந்து போன்.

"இன்னாடா எழுதி வெச்சிகீற? ஒரு லாரியக் கூப்ட்டா ரெண்டு லாரி க்யூல இர்ந்து காணாப் பூடுது. 'முன்னாடி கீறவனும் போய்ட்டான், பின்னாடி கீறவனும் போய்ட்டான், நான் இன்னா பேயா?'ன்னு ஒரு டிரைவர் வந்து கத்துறாரு. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு. இல்ல, உன் லைப்ரரியத் தூக்கிடுவேன்."

இருக்கிற ஒரே ஆளும் போய்விட்டால்? ஆனால் வாய் சும்மா இருக்குமா? "உனக்கு மேக்ரோ புரியல," என்றேன்.

"அப்பிடியா? அது விரிச்சு எழுதுறத நான் படிக்கிறேன், கேளு. 'க்யூல இர்ந்து ஒரு லாரிய எடு, க்யூ காலியான்னு பாரு. காலி இல்லியா? க்யூல இர்ந்து ஒரு லாரிய எட்து குடு.' டேய், ரெண்டு வாட்டி எட்துகினு கீற!"

அட கஷ்டகாலமே! பார்ப்பதற்கு எடுத்த லாரியை அம்போவென்று விட்டுவிட்டு, கொடுப்பதற்கு இன்னொன்றை எடுத்திருக்கிறது என் மேக்ரோ. எத்தனை தடவை படித்திருப்பேன்! நம் பேச்சில் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

"மொதல்ல எட்தத கைல வெச்சிக்கோ. அதையே பாரு, அதையே குடு. இதுக்கு இன்னாத்துக்கு நாப்பது வரி?"

அவள் சொன்னபடியே, எடுத்ததை மாறி என்கிற ஒரு பெட்டியில் போட்டு வைத்தேன். சுற்றியிருந்த வித்தைகளில் முக்கால்வாசி நான் மேதாவி என்று காட்டிக்கொள்ள எழுதியவை. வெட்கமாகத்தான் இருந்தது. அழிக்க அழிக்கக் குஷியாகவும் இருந்தது. கடைசியில் நாலே வரி நின்றது.

பதினோரு மணிக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். "சொன்ன நேரத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டேன். இனிமே தூக்க மாட்டல்ல?"

சிரித்தாள். "உனுக்குப் போன் போடறதுக்கு முன்னாடியே தூக்கிட்டேன்டா. இவ்ளோ நேரம் பேப்பர்ல நம்பர் எழுதித்தான் லாரி வுட்டுகினு கீறேன். வேற லைப்ரரி இன்னாத்துக்கு? நீ அனுப்புவன்னு தெரியும்."