அப்பாவுக்கு இரண்டு டெப்போ

அப்பாவின் தொண்டையிலிருந்து குரல்வளையை எடுத்தபோது, உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான், பேச்சில்லாத ஒருவர் ஒரு குடும்பத்துக்குள் இருப்பது என்ன பாடு என்று தெரிந்தது. அப்பா டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவர் குரல் கொடுத்தால் காவேரிப் பாலத்தில் இருப்பவன் ஓடி வருவான் என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்களாம். அப்படிப்பட்டவர் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கைதட்ட வேண்டியதாகிவிட்டது.

முதலில் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தோம். கை நடுக்கத்தில் எழுத்து கோணல்மாணலாக வந்தது. அதுகூடப் பரவாயில்லை. சிலேட்டைப் படிக்க யாராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே? சமையலறையில் இருப்பவருக்குச் சிலேட்டு கேட்காது. போனில் டைப் அடிக்கலாம் என்று தம்பி சொன்னான். அப்பாவின் விரல் ஒன்று போனில் நான்கு எழுத்தை ஒரே சமயத்தில் அழுத்தும். நடுவில் எவனாவது கடன் வேண்டுமா என்று கூப்பிட்டுத் தொலைப்பான். இரண்டே நாளில் போனைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டார்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பாவத்துக்குக் குடும்பத்தில் மிக்ஸி சுற்றவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாணவர்கள் பழகுவதற்கென்று சோப்புப் பெட்டி அளவில் ஒரு போர்டு வரும். ஒரே போர்டுக்குள் முழுக் கம்ப்யூட்டரும் அடக்கம். அதில் ஒன்றை வாங்கி, அண்ணன் வீட்டு டிவியோடு இணைத்து, பெரிய கீபோர்டு ஒன்றில் தமிழ் எழுத்து ஒட்டிக் கொடுத்தேன். அப்பா அடித்துவிட்டுக் கடைசியில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் அதைச் சத்தமாகப் படிக்கும். முதல் நாள் அதில் வந்தது பெண் குரல். அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். மெனக்கெட்டு அதை ஆண் குரலாக மாற்றினேன். ஜலதோஷம் பிடித்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் அந்தக் குரலில் அவர் "காபில சர்க்கர இல்ல" என்றபோது அண்ணி சமையலறையிலிருந்தே "இதோ வரேன் மாமா" என்று பதில் சொன்னார். அப்பாவின் முகம் அன்றைக்குத்தான் பழைய மாதிரி ஆனது.

சிக்கல் மாதக் கடைசியில் வந்தது. அம்மா போன பிறகு அப்பா ஒரு மாதம் ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் இருப்பார், அடுத்த மாதம் உறையூரில் தம்பி வீட்டில். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை. மகன்களுக்கு முறை உண்டு, மகளுக்குக் கிடையாது, அவ்வளவுதான். நான் தில்லை நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறேன். கணவருக்கு ஓசூரில் வேலை. மாதத்தில் ஓரிரு தடவை வந்து துணியைத் துவைத்துக்கொண்டு போவார்.

அப்பா வீடு மாறும்போதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரும் மஞ்சள் பையில் கிளம்பும். போர்டு, அதன் சார்ஜர், டிவி ஒயர், கீபோர்டு, ஸ்பீக்கர் என்று ஒரு மூட்டை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். தம்பி போன் செய்து, "அக்கா, டிவியில ஒண்ணுமே வரல. அப்பா கையால ஏதோ காட்டுறாரு, புரியல. கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" என்பான். கல்லூரி விட்டு, விடைத்தாள் கட்டையும் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடி உறையூர் போய்ச் சேர்ந்தால், பவர் ஒயர் பாதிதான் செருகியிருக்கும். அதைத் தள்ளிவிட்டு ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். வழியிலெல்லாம் எரிச்சலாக வரும். ஆனால் அந்த ஒயர் சரியாக இல்லாவிட்டால், வலிக்கிறது என்றுகூட அப்பாவால் சொல்ல முடியாது. அதனால் போகாமலும் இருக்க முடியாது.

இந்த அலைச்சல் தாங்காமல்தான் அதை ஒரு லேப்டாப்பாக மாற்ற உட்கார்ந்தேன். மெயின்கார்டு கேட் பக்கம் பழைய கம்ப்யூட்டர் கடையில் கீல் உடைந்த ஒரு லேப்டாப்பின் கூடும் திரையும் கிடைத்தன. உள்ளே இருந்ததையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு என் போர்டை அதில் திருகினேன். பவர் பேங்க் ஒன்றைப் பிரித்து பேட்டரி வைத்தேன். போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் குறைந்தாலும் திரை ஓரத்தில் மின்னல் குறி விழும், அப்புறம் பேச்சு பாதியில் நிற்கும். "எனக்கு வயிறு" என்று சொல்லிவிட்டு அணைந்துபோனால் கேட்பவர் என்ன நினைப்பார்? பேட்டரியை மாற்றினேன். பிறகு திருச்சி வெயிலில் போர்டு கொதித்தது. காற்றாடி வைக்க இடமில்லாமல் கூட்டின் அடியில் ஓட்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இதிலேயே போயின.

அதோடு இரண்டு மரப்பெட்டிகளும் செய்தேன், வீட்டுக்கு ஒன்று. டிவி, பெரிய கீபோர்டு, கரண்ட் எல்லாம் அந்தப் பெட்டியோடு நிரந்தரமாக இணைந்திருக்கும். லேப்டாப்பை அதன் தடத்தில் வைத்துத் தள்ளினால் க்ளிக் என்று உட்கார்ந்துவிடும். எந்த ஒயரையும் யாரும் தொட வேண்டாம். எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் தானாகவே பேட்டரியில் ஓடும். இதற்கு டாக்கிங் ஸ்டேஷன் என்று பெயர் என அப்பாவிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடித்தார். "இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பேரு. ராத்திரி பஸ் வந்து நிக்கிற எடம். டெப்போ." அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் அது டெப்போதான்.

சில மாதங்கள் போன் வராமல் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

அது தம்பி வீட்டு முறை. பூஜைக்கு வரச் சொல்லியிருந்தார்கள் என்று காலையிலேயே உறையூர் போனேன். கூடத்தில் படத்துக்கு முன்னால் புத்தகங்கள், தம்பியின் கடைச் சாவி, ஸ்குரூ டிரைவர், தம்பி மனைவியின் தையல் மெஷின் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில், பட்டுத்துணி விரித்து, அதன்மேல் அப்பாவின் லேப்டாப். மூலைக்கு மூலை சந்தனம், குங்குமம். மூடிமேல் ஒரு முழம் பூ. கீழே டெப்போவுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

"என்னடா இது? இன்னைக்கு அப்பா எப்படிப் பேசுவாரு?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"ஆயுதம்னா வைக்கணும்லக்கா. நாளைக்குக் காலைல மறுபூஜை முடிஞ்சதும் எடுத்துடலாம்."

"அப்பாவோட வாயப் புடுங்கி சாமிக்கு முன்னாடி வச்சிருக்கீங்க. இதுல பூ வேற."

தம்பி மனைவிக்கு முகம் வாடிவிட்டது. அவள் நல்ல பெண், மாமனாருக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்த துளைமேல் போடும் துணியைத் தினமும் தன் கையால் துவைத்துப் போடுகிறவள். "மாமாதான் வைக்கச் சொன்னாங்க அண்ணி. நேத்தே டைப் அடிச்சுச் சொல்லிட்டாங்க" என்றாள்.

அப்பாவைப் பார்த்தேன். குளித்து, திருநீறு பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஆமாம் என்று தலையாட்டினார். வேலையில் இருந்த காலத்தில் அவர் விசிலையும் தோல் பையையும் பூஜையில் வைத்துவிட்டு மறுநாள் வரை தொட மாட்டார். எனக்கு அது தெரியும். இருந்தும் கோபம் அடங்கவில்லை. சரி, அந்தச் சிலேட்டையாவது கொடுங்கள் என்றேன். சிலேட்டும் பூஜையில் இருந்தது. பேனா, பென்சில் எல்லாமே இருந்தன. சரஸ்வதிக்கு உரியதை விட்டுவைப்பார்களா என்ன?

சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அப்பா கைதட்டினார். டெப்போவைக் காட்டினார். அப்புறம் என்னைக் காட்டினார். அப்புறம் வாசல் பக்கம் கையை நீட்டினார்.

"டெப்போ ரிப்பேராப்பா?" என்றேன். இல்லை என்று கையை ஆட்டினார்.

"வாசல்ல உக்காரணுமா மாமா? நாற்காலிய எடுத்துப் போடவா?" என்றாள் தம்பி மனைவி. அதுவும் இல்லை.

"அண்ணன் வீட்டுக்குப் போகணுமாப்பா? இன்னும் நாள் இருக்கே" என்றான் தம்பி.

அப்பா மறுபடி முதலிலிருந்து காட்டினார். டெப்போ, நான், வாசல். உதட்டை அசைத்தும் பார்த்தார். தம்பி போனை நீட்டினான், இன்றைக்கு எழுத்தே கூடாது என்பதுபோலத் தள்ளிவிட்டார். சுண்டலா, பாத்ரூமா, ஃபேனைக் குறைக்கவா என்று நாங்கள் ஏலம் விட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் தம்பி மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் வேண்டாத காபியை வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தோற்றுப்போன முகம். எனக்கு அழுகை வந்தது. எழுந்துபோய் பூவை எடுத்து ஓரமாக வைத்து லேப்டாப்பில் கை வைத்தேன். அவர் கண்ணைத் திறந்து, பலமாக ஒரு கைதட்டு. வேண்டாம் என்று விரலை ஆட்டினார். மகளுக்காக அந்த மனிதர் சாமியிடம் ஒரு நாள் சலுகைகூடக் கேட்க மாட்டார். அன்றைக்கு ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் மறுபடி வருவதற்கு உடம்பில் தெம்பில்லை.

மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்தது. லேப்டாப்பைத் துடைத்து டெப்போவில் தள்ளினேன். க்ளிக் என்றது, ஆனால் டிவியில் ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். இணைப்பு முனையின் ஒவ்வொரு ஓட்டையிலும் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. தம்பி மனைவி பக்தியாக எந்தத் துளையையும் விடாமல் பொட்டு வைத்திருக்கிறாள். யாரைத் திட்டுவது? பழைய டூத் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் கேட்டு வாங்கித் தரையில் உட்கார்ந்து சுரண்டினேன். முதுகு வலித்தது. லீவு நாளில்கூட எனக்கு இதுதானா என்று வாய்விட்டே சொன்னேன். அப்பா மட்டும் நான் சுரண்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக டிவியில் வெளிச்சம் வந்தது. விஜயதசமி அன்று புத்தகத்தை எடுத்ததும் ஒரு வரியாவது படிக்க வேண்டும், எழுத வேண்டும் என்பார்கள். தம்பி மனைவி கீபோர்டை அப்பாவின் மடியில் வைத்து, "மொதல்ல சாமி பேரா அடிங்க மாமா" என்றாள். தம்பியும் வந்து நின்றான்.

அப்பா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். நடுவில் ஒரு சொல்லை அழித்துவிட்டு மறுபடி அடித்தார். நான் டிவியைப் பார்க்கவில்லை. பிரஷ்ஷைக் கழுவ எழுந்துகொண்டிருந்தேன். அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். ஜலதோஷக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"பாப்பா. உன் வீட்டுல எப்ப டெப்போ போடுவ?"

முந்தின நாள் மத்தியானம் முழுக்க அவர் கேட்டது இதைத்தான். வாசல் என்று நாங்கள் நினைத்தது தில்லை நகர் பக்கம். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, மலைப்புதான். கல்லூரிக்குப் போய்விட்டால் பகலில் அவரை யார் பார்ப்பது, மாடிப்படி ஏறுவாரா, தொண்டைத் துணியை யார் மாற்றுவது என்று மனம் ஓடியது. தம்பி என்னைப் பார்க்காமல் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தான். "அப்பா, இங்க என்ன குறை வச்சோம்?" என்று மெதுவாகக் கேட்டான்.

அப்பா அவன் கையைத் தட்டிக் கொடுத்தார். குறை ஒன்றும் இல்லை என்பதுபோல. பிறகு அவன் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, சத்தத்தை முன்பு இருந்த அளவுக்கே ஏற்றினார். என்னைப் பார்த்தபடி மறுபடியும் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

"பாப்பா. உன் வீட்டுல எப்ப டெப்போ போடுவ?"

"போடுறேன்ப்பா. இந்த வாரமே போடுறேன்" என்றேன். அவருக்கு மட்டுமில்லை, தம்பிக்கும் அவன் மனைவிக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.