கறுத்த திரைக்குள் ஒரு ஆள்

எங்கள் தொழிலில் ஒரு விசித்திரம்: செத்துப்போன செட்டை யாரும் கொண்டு வருவதில்லை, நேற்று வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த செட்டைத்தான் எல்லோரும் கொண்டு வருகிறார்கள்.

டெல்லி கரோல் பாக்கில் ஒரு துணிக்கடைக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் கடை. கையில் பிடித்து விளையாடுகிற கேம் செட்டுகள் மட்டும்தான் பார்க்கிறோம். வருகிறவற்றில் முக்கால்வாசிக்கு ஒரே புகார், ஆன் ஆகவில்லை. உங்கள் வீட்டிலும் ஒன்று இப்படிப் படுத்திருக்கலாம். நீங்களும் பொத்தானை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, கடைசியில் மனிதரைத் திட்டுவது போலத் திட்டியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். என் மேசைக்கு எதிரில் உட்காருகிற எல்லோரும் அதைத்தான் செய்துவிட்டு வருகிறார்கள்.

எனக்கு அதிகப் படிப்பு கிடையாது, அதிகப் பேச்சும் கிடையாது. வாடிக்கையாளரிடம் பேசுவது, பெயர் கேட்பது, பொய்த் தேதி சொல்வது எல்லாம் கூட்டாளி குல்தீப்பின் வேலை. அவன் பேசுவது இந்தி. இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

வீட்டில் எழாதது

ஜனவரி மாதப் பனியில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். செட் வீட்டில் ஆன் ஆகவே இல்லை என்றாள். நான் வாங்கி, உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்து அழுத்தினேன். எழுந்தது. மறுநாளும் வந்தாள், மறுநாளும் எழுந்தது. மூன்றாம் முறை அவள் முகத்தில் ஒரு சந்தேகம், செட்டின் மேல் இல்லை, என் மேல்.

காரணம் சின்னது. பேட்டரி பழசு. டெல்லிக் குளிரில் இரவு முழுக்க ஜன்னல் ஓரம் கிடந்தால் விறைத்துவிடும். பையில் வைத்து மெட்ரோ கூட்டத்தில் வரும்போது சூடேறி, என் மேசைக்கு வந்ததும் எழுந்துவிடும். இதை நான் விளக்கினேன், பேட்டரியையும் மாற்றினேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். படியிறங்கப் போனவள் திரும்பி நின்று சொன்னது இது: "அங்கிள், பேட்டரி சரி. ஆனா எங்க வீட்ல யாருக்கோ இது பயப்படுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

மிஞ்சிய திருகு

கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் எண்ணி, காந்தத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே வைப்பது என் வழக்கம். எட்டு கழற்றினால் எட்டு பூட்ட வேண்டும். குறைந்தால் தரையில் தேடலாம். ஒரு நாள் பூட்டி முடித்த பிறகு தட்டில் ஒன்று மிஞ்சியது.

மறுபடி திறந்தேன். எல்லாத் துளையிலும் திருகு இருந்தது. அன்று வந்த மற்ற செட்டுகளையும் பிரித்துப் பார்த்தேன். எதிலும் குறையவில்லை. எந்த செட்டிலும் பொருந்தாத நீளம், பழைய பித்தளை நிறம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. குல்தீப் அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீவிரமாகச் சொன்னான்: "பாயி சாப், எதுக்கும் உங்க முதுகைத் தடவிப் பாருங்க."

அண்ணாச்சி என்றவர்

அந்தக் குளிர் முடிவதற்குள் வசந்தா வந்தார். லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பிலிருந்து பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். என் தமிழைக் கேட்டதும் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். டெல்லியில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு அவர் கையையே பார்த்தேன். கைக்குட்டையில் சுற்றிய செட்டை, உடைந்த முட்டையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

செட் அவர் கணவர் முருகேசனுடையது. மத்திய அரசு ஆபீஸில் கிளார்க், ஐம்பது வயது. ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் காதில் இயர்ஃபோன் கம்பியை மாட்டிக்கொண்டு, வீட்டிலோ ஊருக்கே கேட்கிற சத்தத்தோடு, பிள்ளை மாதிரி விளையாடுவாராம். மெட்ரோ படியில் இதை விளையாடிக்கொண்டே இறங்கியவர் தலைகுப்புற விழுந்தார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. பழகிய குரலும் சத்தமும் காதில் விழட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"நான் பேசிப் பாத்துட்டேன், அசையல. மவ இந்தியில அழுதா, அதுக்கும் அசையல. அவிய நாள் பூரா கேட்டது இந்த விளையாட்டோட பாட்டத்தான். பேரு யாருக்கும் தெரியல. நான் முணுமுணுத்துக் காட்டி மவ போன்ல தேடுனா, ஆம்புடல. இதுக்குள்ளதான் இருக்கு," என்றார்.

அந்த வகை செட்டில் விளையாட்டெல்லாம் பலகையோடு ஒட்டிய சில்லுக்குள் இருக்கும். கழற்றி வேறொன்றில் போட்டுப் பார்க்க முடியாது. இந்த செட்டே எழுந்தாக வேண்டும். நான் பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பு. சத்தம் இல்லை. இந்த வகைக்கு வெளியே விளக்கும் கிடையாது. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எழும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அவர் எழுந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, அவியளத்தான் டாக்டர் பாத்துக்கிடுதாவ. இத நீங்க பாத்துக்கிடுங்க."

பட்டையில் எழுதியது

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வந்த செட்டின் மேல் காகிதப் பட்டை ஒட்டி, உடையவர் பெயரும் பக்கத்தில் நோயும் எழுதுவோம். ராகுல், ஸ்பீக்கர். நேஹா, பொத்தான். எழாத செட்டுக்கு எல்லாக் கடையிலும் ஒரே சொல்தான், டெட். "கிஸ்கா ஹை?" என்று குல்தீப் கேட்டிருக்கிறான், யாருடையது என்று. வசந்தா கணவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவனும் இத்தனை வருஷம் எழுதியதைப் போலவே எழுதி ஒட்டிவிட்டான்.

வசந்தா இரண்டாம் முறை வந்தபோது அந்த செட் என் மேசை ஓரத்தில், பட்டை மேலே தெரியும்படி கிடந்தது. அவருக்கு இந்தி எழுத்து படிக்கத் தெரியும். முருகேசன், டெட். படித்தார். ஸ்டூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். குல்தீப் எதையோ தேடுவது போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டான். நான் பட்டையைக் கிழிக்கப் போனேன். பாதி வந்தது, பெயர் கையோடு வந்துவிட்டது, மற்றது செட்டிலேயே ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டச் சுரண்ட அந்தச் சொல் போக மறுத்தது. கடைசியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அவர் புதுப் பட்டையை எடுத்து என்னிடம் நீட்டிச் சொன்னார்: "பேர மட்டும் எழுதுங்க அண்ணாச்சி. மத்தத இன்னும் யாரும் சொல்லல."

மீட்டர்

சார்ஜருக்கும் செட்டுக்கும் நடுவே ஒரு சின்ன மீட்டர் மாட்டுவோம். செட் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அது காட்டும். உண்மையில் செத்த செட் என்றால் பூஜ்யம், அதற்கு மேல் பேச்சில்லை. பாதி செத்ததென்றால் ஒரு எண் வந்து நிற்கும்.

முருகேசனின் செட்டை மாட்டி, பொத்தானை நெடுநேரம் அழுத்தி விட்டேன். திரை கறுப்புதான். மீட்டரில் எண் ஏறியது. இறங்கியது. நின்றது. மறுபடி ஏறியது. இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. வயரை மாற்றினேன், சார்ஜரை மாற்றினேன், மீட்டரையே மாற்றினேன். ஏறி, இறங்கி, நின்று, ஏறியது. கீழே தெருவில் ரிக்‌ஷாக்காரர்களின் சண்டை, துணிக்கடைக் கூச்சல், மத்தியான வெயில். நான் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குல்தீப் சமோசாவைப் பாதியில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்: "அரே பாயி சாப், இது மூச்சு விடுது!"

சாய்த்துப் பிடித்த டார்ச்

திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு இருக்கும். அது போனால் படம் ஓடிக்கொண்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, எல்லோரும் செட் செத்தது என்பார்கள். நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்: அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்து, உற்றுப் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காகிதம் மாதிரி படம் தெரியும்.

வசந்தா அப்போது கடையில்தான் இருந்தார். குல்தீப் ஷட்டரைப் பாதி இறக்கி விளக்கை அணைத்தான். நான் டார்ச்சைச் சாய்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஆறு தெரிந்தது. ஆற்றின் மேல் ஒரு கயிற்றுப் பாலம், நடுநடுவே பலகை இல்லை. பாலத்தைத் தாண்டி அக்கரையில், ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஆள் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த வகை செட் சார்ஜ் தீருமுன் விட்ட இடத்தைத் தானே குறித்துக்கொள்ளும். எழுந்ததும் அங்கேயே போய் நிற்கும். யாரும் பொத்தானைத் தொடாவிட்டால் அந்த ஆள் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு நிற்பான். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும். ஆனால் மீட்டரின் எண்ணும் அவன் தோளும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. அதற்குக் காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. என் தோளுக்குப் பின்னாலிருந்து வசந்தா கேட்டார்: "அவிய விழுந்ததுல இருந்து இவன் இங்கனயேதான் நிக்கானா?"

காதில் முறிந்தது

படம் ஓடுகிறது, பாட்டு ஏன் இல்லை? காதுக் கம்பி சொருகும் துளையில் டார்ச் அடித்தேன். விழுந்தபோது கம்பியின் முனை உள்ளேயே முறிந்து உட்கார்ந்திருந்தது. காதில் மாட்டியிருக்கிறார் என்று நினைத்து செட், சார்ஜ் இருந்தபோதெல்லாம் பாட்டை யாரும் இல்லாத காதுக்குள் பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஊசி முனையில் பசை தொட்டு, துளைக்குள் விட்டு, அது இறுகும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்து, பிறகு இழுத்தேன். முனை வந்தது. இருட்டுக் கடைக்குள் பாட்டு கொட்டியது. மணியும் குழலும் கலந்த மாதிரி, முடிகிற இடத்திலேயே திரும்பத் தொடங்குகிற நாலு வரிப் பாட்டு. யாரும் விளக்கைப் போடவில்லை.

பின்விளக்குக்கு ஃப்யூஸ் வரவழைக்க வேண்டும், திரையையும் சரிசெய்து தருகிறேன் என்றேன். வசந்தா செட்டை அப்படியே, பாடப் பாட, கைக்குட்டையில் சுற்றினார். "திரை எதுக்கு அண்ணாச்சி? அவியளுக்குக் கண்ணு மூடித்தான இருக்கு."

கட்டைவிரல்

சில நாள் கழித்து வசந்தா நீளமான சார்ஜர் வயர் கேட்டு வந்தார். கட்டில் வரை எட்டவில்லையாம். முருகேசன் எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குல்தீப்தான் கேட்டான்.

கண் திறக்கவில்லை. ஆனால் பாட்டைத் தலைமாட்டில் வைத்ததும், இடது கைக் கட்டைவிரல் போர்வையின் மேல் அசைந்திருக்கிறது. அழுத்தும், விடும், அழுத்தும். நர்ஸ், அது தானாக நடக்கிற நரம்புத் துடிப்பு, நம்பிக்கை வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். வசந்தா செட்டை எடுத்து அந்த விரலுக்கு அடியிலேயே வைத்துவிட்டார், எந்தப் பொத்தான் எதற்கென்று அவருக்குத் தெரியாது. வயரை வாங்கிக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல என்னிடம் குனிந்து சொன்னார்: "நரம்புன்னுதான் சொல்லுதாவ. ஆனா சார்ஜ் தீந்து பாட்டு நின்னா, வெரலும் நின்னுருது."

வந்தவர்

வெயில் ஏறிய பிறகு ஒரு நாள், படியில் மெதுவான காலடி. வசந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் ஏறி வந்தார். மெலிந்து, தலையில் முடி இப்போதுதான் முளைக்கத் தொடங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இடம் விட்டுப் பேசினார். முருகேசன். திரையைச் சரிசெய்து தர வேண்டுமாம்.

ஃப்யூஸை மாற்றினேன். திருகுகளை எண்ணிப் பூட்டினேன். பொத்தானை அழுத்தியதும் இந்த முறை திரை பளிச்சென்று எழுந்தது. அதே ஆறு, அதே பாலம். நான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த இடத்தைத்தான் முதலில் பார்த்தேன். அக்கரை காலியாக இருந்தது. அந்த ஆள் பாலத்துக்கு இந்தப் பக்கம், இக்கரையில், எங்களைப் பார்த்து நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

கண் தெரிந்து விளையாடுகிறவனே பலகை தவறி விழுகிற பாலம் அது. திரை கறுத்துக் கிடந்த அத்தனை நாளும் அந்த செட் ஒரே ஒரு விரலுக்கு அடியில்தான் இருந்தது. குல்தீப் என்னைப் பார்த்தான். நான் வசந்தாவைப் பார்த்தேன், வாழ்க்கையில் முதல்முறையாக நேராக முகத்தை. அவர் கணவரின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடுகடுத்தார்: "எத்தன தடவ விழுந்து எந்திச்சி அந்தப் பக்கம் போய்ச் சேந்தேன் தெரியுமா? எவன்வே என்ன இங்க திருப்பிக் கூட்டியாந்தது?"

பழுதைச் சரியாகப் பார்க்காததற்குத் திட்டு வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள், ஆனால் யார் பார்த்தது என்றே தெரியாத வேலைக்குத் தலைகுனிந்து திட்டு வாங்கிக்கொண்டு, அதற்குச் சந்தோஷமும் பட்டது நான் ஒருவனாகத்தான் இருக்கும்.